வெளிப்பக்கம் தொங்கும் பூட்டு

மாடியில் இருக்கிற மகனே, எப்படி இருக்கிறாய்? ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறேனே என்று நீ சிரித்தாலும் சரி. சாப்பிட்டாயா? காலையில் செல்வி மாடிப்படியில் வைத்த தட்டை நான்தான் திரும்ப எடுத்து வந்தேன். இட்லி போயிருந்தது, சட்னி அப்படியே இருந்தது. காக்கா தின்றதா நீ தின்றாயா என்று ஒரு சந்தேகம். காக்காவாக இருந்தால் சட்னியைக் கவிழ்த்திருக்கும், அதனால் நீதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தூங்குகிறாயா இல்லையா? தலைக்கு மேல் நீ நடக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஜன்னல் வரைக்கும் போகிறாய், நிற்கிறாய், திரும்புகிறாய். கீழே நானும் அதே மாதிரி வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். நடுவில் ஒரு தளம் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு எழுத வராது என்று உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் பெண்டாட்டி செல்விதான் எழுதுகிறாள். நான் பேசுவதை அப்படியே எழுதாமல் இஸ்திரி போட்டு எழுதுகிறாள். "மெதுவா சொல்லுங்க மாமா, கை வலிக்குது" என்கிறாள். மருந்துக் கடையில் நாள் முழுக்க பில் எழுதுகிறவளுக்கு இது வலிக்கிறதாம். இதையும் எழுதும்மா. எழுதுகிறாள். கதவைத் தட்டினால் நீ திறக்க மாட்டேன் என்கிறாய், போனை அணைத்து வைத்திருக்கிறாய். கதவுக்கு அடியில் ஒரு சந்து இருக்கிறதே, அது வழியாகத்தான் இனி உன்னிடம் பேச வேண்டும் போலிருக்கிறது.

இன்றைக்குக் காலையில் நடந்ததைச் சொல்கிறேன். அதுதான் என்னை உட்காரவிடாமல் அடிக்கிறது. எழுந்து பல் தேய்த்தேன், டீ குடித்தேன், பூட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன், கதவைச் சாத்தி வெளிப்பக்கமாகப் பூட்டினேன், பின்சந்தைச் சுற்றிக்கொண்டு கொல்லைக் கதவு வழியாக உள்ளே வந்தேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. இவ்வளவு நாள் நீ செய்துகொண்டிருந்தாய், நீ இறங்கி வராததால் என் கை தானாகச் செய்துவிட்டது. உள்ளே வந்தால் பாப்பா பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். "தாத்தா, இன்னிக்குப் பூட்டு உள்ளயா, வெளியயா?" என்று கேட்டாள். மழை வருமா, குடை எடுக்கட்டுமா என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாள். வெளியே என்றேன். "அப்படின்னா டிவி சத்தம் கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பூனை மாதிரி கொல்லைப் பக்கம் போனாள். அவள் போனதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அந்தப் பூட்டை நீ எங்கே கண்டுபிடித்தாய் என்று கேட்க நினைத்தேன், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பரண்மேல் பழைய பெட்ரோமாக்ஸோடு கிடந்திருக்கும். நான் வாங்கிய பூட்டு அது. காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய இரும்புச் சாமான் விற்கிறவனிடம் வாங்கினேன். அவனிடம் ஒரு மூட்டை பூட்டு இருந்தது, சாவி வேறு ஒரு மூட்டையாக இருந்தது. எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்று அவனுக்கே தெரியாது. பிரான்ஸுக்காரன் காலத்துப் பூட்டு, யாரோ ஒரு வெள்ளைக்கார முசே வீட்டுப் பீரோவில் இருந்தது என்று ஒன்றைக் காட்டி என்னிடம் விலை ஏற்றினான். நான் அதை விட்டுவிட்டு இந்தச் சின்னப் பூட்டை எடுத்தேன். வெயிலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற ஒருத்தர், "திருடன் பயமா அண்ணே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வீட்டில் அப்போது திருடிக்கொண்டு போக உன் அம்மாவின் பித்தளை அண்டாவைத் தவிர ஒன்றும் இல்லை.

நான் வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு நடந்த கதை இது. நீ அப்போது ரொம்பச் சின்னப் பிள்ளை. மில்லை நாளைக்குத் திறப்பான், அடுத்த மாதம் திறப்பான் என்று மில் வாசலுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தே பொழுதைக் கழித்தோம். சம்பளம் நின்றது, சாப்பாடு நிற்கவில்லை. தண்டலுக்கு வாங்கினேன். தினமும் சாயங்காலம் வந்து வசூலிக்கிற கடன், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருத்தனுக்குக் கட்ட இன்னொருத்தனிடம் வாங்கினேன். உனக்கு இப்போது போனில் கட்டை விரலால் தொட்டால் காசு வருகிறது. எனக்கு நடந்து போய்ப் பல்லைக் காட்ட வேண்டியிருந்தது. மற்றபடி உன் வழியும் என் வழியும் ஒரே வழிதான். கடைசியில் கொடுக்க ஒன்றும் இல்லாமல் போனதும் இந்தப் பூட்டை வாங்கினேன். சாயங்காலம் ஆனால் வெளியே பூட்டிவிட்டு, பின்சந்து வழியாக உள்ளே வந்து, விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்போம். தண்டல்காரர் கோவிந்தன் வருவார், சைக்கிள் மணி கேட்கும், நீ உடனே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்வாய். நாங்கள் சொல்லிக் கொடுக்கவே இல்லை. அவர் பூட்டை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போய்விடுவார். ஏமாந்துவிட்டார் என்று எனக்கு ஒரு சந்தோஷம் வேறு.

ஒருநாள் சாயங்காலம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சைக்கிள் மணி கேட்டது. உன் அம்மா கரண்டியை வைத்தாள், சாவியை எடுத்தாள், பின்பக்கமாகப் போனாள். எங்கே போகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்த நிமிஷம் முன்பக்கம் பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டது. சோற்றில் கை வைத்தபடி நான் விறைத்துப் போனேன். "வாங்கண்ணா, உள்ளதான் இருக்காரு, சாப்புடுறாரு. செருப்ப அங்கயே வுட்டுட்டு வாங்க" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டை விசிறி அடித்திருப்பேன். ஆனால் கோவிந்தன் உள்ளே வந்து எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கவும் முடியவில்லை, தின்னவும் முடியவில்லை.

"சாப்புடுய்யா, சாப்புடு. நான் எங்கயும் ஓட மாட்டேன்" என்றார். பிறகு சொன்னார், "ஏம்பா, எனக்குக் கண்ணுதான் தெரியாதா, மூக்கும் கெடயாதா? வெளிய பூட்டு தொங்குது. உள்ளருந்து கருவாட்டுக் கொழம்பு வாசன தெருமொன வரிக்கும் வருது. பூட்டா கொழம்பு வக்கிது?"

வாயைப் பொத்திக்கொண்டு மூலையில் இருந்த நீதான் முதலில் சிரித்தாய். கையை மீறி, புர்ரென்று எச்சில் தெறிக்கச் சிரித்தாய். அப்புறம் உன் அம்மா சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. தெரிந்துமா பேசாமல் போனீர்கள் என்று அவரைக் கேட்டேன். "பின்ன என்னா பண்றது? கூப்ட்டா நீ கொல்லப் பக்கமா ஓடுவ. கொழம்ப வுட்டுட்டு ஓடுவ. அந்தப் பாவம் எனக்கு எதுக்கு?" என்றார். பிறகு, "இன்னொண்ணும் சொல்றேன். ஒளிஞ்சிருக்கறவன் பேருல வட்டிய ஏத்திக்கிட்டே போலாம், அவன் கேக்க மாட்டான். எதிர்ல ஒக்காந்துட்டான்னா ஒரு பேச்சுக்கு வந்துதான் ஆவணும். எனக்கு நீ ஒளிஞ்சிருந்ததுதான் லாபம்" என்றார்.

அவரை நல்லவர் என்று சொல்ல வரவில்லை. அன்றைக்கு ஒரு பேச்சுக்கு வந்தார், தினம் இவ்வளவு, ஒருநாளும் தவறக் கூடாது, வேறு இடத்தில் புதிதாக வாங்கக் கூடாது, அதற்குமேல் வட்டி ஏறாது என்றார். போகும்போது அம்மாவின் அண்டாவைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டுதான் போனார். உன் அம்மா தானே ஒரு கை பிடித்துத் தூக்கிக் கொடுத்தாள். மறுநாள் நான் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கப் போனேன். மில்லில் தறி ஓட்டினவன் மீன் நாற்றத்தோடு வருவதா என்று அதுவரை வீம்பு பிடித்துக்கொண்டிருந்தேன். போய்ப் பார்த்தால் அங்கே பாதிப் பேர் எங்கள் மில்லுக்காரன்தான். ஒருத்தனுக்கொருத்தன் தெரியாமல் ஒளிந்து ஒளிந்து அங்கே வேலைக்கு வந்துகொண்டிருந்திருக்கிறான்.

பேச்சு எங்கேயோ போய்விட்டது. செல்வி பேனாவைத் தட்டுகிறாள். பாப்பாவின் காதுகுத்து விஷயத்துக்கு வருகிறேன்.

முந்தாநாள் நீ என்னிடம் வந்து வீட்டுப் பத்திரத்தைக் கேட்டாய். பாப்பாவுக்குக் காதுகுத்து வைக்கப் போகிறேன், மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, பேனர் அடிக்கச் சொல்லியாயிற்று, அதில் உங்கள் போட்டோவும் இருக்கிறது என்றாய். என் போட்டோவைப் போட்டால் நான் மயங்கிவிடுவேன் என்று நினைத்தாய் போலிருக்கிறது. பத்திரத்தை வைத்துக் கொஞ்சம் பணம் புரட்டினால் விசேஷத்தைப் பெரிசாக வைக்கலாம், மொய் வரும், வருகிற மொய்யில் எல்லாக் கடனையும் அடைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்றாய். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நீ மாடிக்குப் போனவன்தான், இன்னும் இறங்கவில்லை.

யோசித்துவிட்டேன். பத்திரம் தர மாட்டேன். கோபப்படாதே, காரணத்தைக் கேள். உனக்குக் காது குத்தியபோது நானும் இதே கணக்குத்தான் போட்டேன். பூட்டு வாங்குவதற்கு முந்தைய கதை அது. பந்தல், மைக் செட், ஆட்டுக்கறி, எல்லாம் கடன். மொய் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஒரு ராத்திரி முழுக்க நான் பணக்காரன். கடனில் பாதியை அடைத்தேன். அதற்கு அடுத்த முகூர்த்தத்திலிருந்து பத்திரிகை வர ஆரம்பித்தது. இவர் வீட்டில் கல்யாணம், அவர் வீட்டில் மஞ்சள் நீர், இன்னொருத்தர் வீட்டில் புதுமனை. போட்டதைத் திருப்பிப் போட வேண்டும், கூடவே கொஞ்சம் சேர்த்தும் போட வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் தண்டல் வாங்கினேன். கோவிந்தன் கடனில் பாதிக்கு மேல் ஊரார் வீட்டு விசேஷத்துக்குப் போட்ட மொய். மொய் என்பதும் கடன்தான், கொடுக்கிறவர்கள் சிரித்துக்கொண்டு கொடுக்கிறார்கள், சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள், அதனால் நமக்குத் தெரிவதில்லை. இதை உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். உன் காதுகுத்தை எவ்வளவு ஜோராக வைத்தேன் என்று மட்டும்தான் உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், அதனால் வந்த வினை.

இன்னொன்று. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தானே காது குத்த வேண்டும். செல்வியின் அண்ணன் முருகன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், அவனுக்கும் இரண்டு பிள்ளை. மண்டபம் வைத்தால் அவன் வெறும் கையோடு வர முடியுமா? சீர் வரிசை, கம்மல், பட்டுப் பாவாடை எல்லாம் தட்டில் வைத்து ஊர்வலமாக வர வேண்டும். அவன் ஆட்டோவின் ஆர்சி புத்தகத்தை அடகு வைக்க ஆள் தேடுகிறானாம். செல்விக்கு நேற்றுத்தான் தெரிந்தது. உன் கடனை அடைக்க அவன் கடன் வாங்குகிறான், அவன் கடனை அடைக்க அவன் யாருக்குக் காது குத்துவான்?

செல்வி எழுதுவதை நிறுத்திவிட்டாள். மூக்கை உறிஞ்சுகிறாள். எழுதும்மா, பரவாயில்லை. "என் சங்கிலியையும் சொல்லிடுங்க மாமா" என்கிறாள். சொல்கிறேன். அவள் சங்கிலி அடகுக் கடையில் இருக்கிறது. மீட்க முடியாது என்று தெரிந்தும் மாதா மாதம் அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய், அவள் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு. அதை விற்றுவிடலாம் என்று அவளே சொல்கிறாள். "கழுத்துல இல்லாத சங்கிலிக்கு எதுக்கு மாமா வட்டி?" என்கிறாள். உன்னிடம் இதைச் சொல்ல அவளுக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

எனக்கு உன் கடன் கம்பெனி விஷயம், கிரெடிட் கார்டு விஷயம் ஒன்றும் தெரியாது. மொத்தம் எவ்வளவு என்றுகூடத் தெரியாது. செல்வியிடம் நீ நாலு லட்சம் என்றாயாம். அவள் ஆறு இருக்கும் என்கிறாள். நீ நடக்கிற நடையைக் கேட்டால் எனக்கு அதற்கும் மேலே என்று படுகிறது. எவ்வளவோ இருக்கட்டும். முதல் வேலையாக அதை வாய்விட்டுச் சொல். செல்வியிடம் சொல், ஒன்றையும் ஒளிக்காமல் சொல். நானும் அம்மாவிடம் ஒருத்தன் கடனைச் சொல்லுவேன், இன்னொருத்தன் கடனை மறைப்பேன். மறைத்த கடன்தான் ஆளைத் தின்னும். சொல்லி முடித்த பிறகு, புதிதாக ஒரு ரூபாய் வாங்காதே. கடன் அடைக்கவும் வாங்காதே. அரிசி, கரண்ட் பில், பாப்பா பள்ளிக்கூடத்துப் பணம், நீ வேலைக்குப் போகிற பெட்ரோல், இவ்வளவையும் எடுத்து வைத்துவிட்டு மிச்சம் எவ்வளவோ, அதைத்தான் கடன்காரர்களுக்கு என்று பேச வேண்டும். எவன் அதிகமாகக் கத்துகிறானோ அவனுக்கு முதலில் கட்டாதே, எந்தக் கடன் அதிகமாக வட்டி தின்கிறதோ அதை முதலில் முடி. பேங்குக்கு நீயாகப் போய் உட்கார், மாதத் தவணையைக் குறைத்துக் கொடுங்கள் என்று கேள். கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். கேட்டதற்கு யாரும் வட்டி போட மாட்டார்கள். நான் பீச் பக்கத்து விடுதியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிச் சம்பாதிப்பதில் வீட்டுச் சாமான் பார்த்துக்கொள்கிறேன். உன் கடனை நான் கட்ட மாட்டேன், உன் சோற்றை நான் போடுகிறேன்.

போனில் மிரட்டுகிறார்களே, அதற்கும் ஒரு வழி யோசித்தேன். உன் போனில் இருக்கிற எல்லா நம்பருக்கும் உன் போட்டோவை அனுப்பிக் கேவலப்படுத்துவேன் என்கிறார்களாம். செல்வி வேலை செய்கிற கடைக்கே ஒருத்தன் போன் போட்டுவிட்டான். கெட்ட வார்த்தை பேசினால் போலீஸ் ஸ்டேஷனுக்கு நான் கூட வருகிறேன், அது வேறு. ஆனால் அவர்கள் கையில் இருப்பது ஒன்றுதான், ஊருக்குச் சொல்லிவிடுவேன் என்பது. நாமே முதலில் ஊருக்குச் சொல்லிவிட்டால் அவன் எதைச் சொல்லி மிரட்டுவான்? காதுகுத்துப் பத்திரிகை அனுப்ப சொந்தக்காரர்கள் நம்பரை எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறாய். அந்தப் பத்திரிகைக்குப் பதிலாக இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பச் செல்வியிடம் சொல். என் மகன் கடனில் இருக்கிறான், மண்டபம் இல்லை, மொய் வேண்டாம், பாப்பாவுக்குக் கோயிலில் தாய்மாமன் முருகன் மடியில் வைத்துக் காது குத்துகிறோம், வருகிறவர்கள் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று எல்லாரும் படிக்கட்டும். சிரிக்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டிலும் இதே மாதிரி ஒரு பூட்டு இருக்கும், துறைமுகத்தில் நான் பார்த்த மில்லுக்காரர்கள் மாதிரி. ஆனால் உன்னைக் கேட்காமல் ஒருத்தருக்கும் காட்ட மாட்டேன். உன் மானம், நீ சொன்னால்தான் அனுப்புவோம்.

மண்டபத்து முன்பணம் திரும்ப வராது என்பாய். போகட்டும். அம்மாவின் அண்டா போன மாதிரி போகட்டும். அப்புறம் அந்தப் பேனரில்...

இரு. வாசலில் யாரோ உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். "சார், வீட்ல யாருங்க? சார்" என்று குரல் கேட்கிறது. போன வாரம் கடன் வசூலுக்கு வந்த அதே ஹெல்மெட்டுக்காரப் பையன்தான். பூட்டை ஆட்டிப் பார்க்கிறான். பள்ளிக்கூடம் விட்டு இப்போதுதான் கொல்லைப் பக்கமாக உள்ளே வந்த பாப்பா, பையைக்கூடக் கழற்றாமல், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்க்கிறாள். செல்வி, சாவியை எடும்மா. நான் பின்சந்து சுற்றிப் போகிறேன். தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள், பார்க்கட்டும். அவனிடம் எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. உள்ளதான் இருக்கான், வாங்க தம்பி, ஒக்காருங்க என்று சொல்லப் போகிறேன். மேலே உன் நடைச் சத்தம் நின்றுவிட்டது. காதைக் கதவில் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். இதோ வரேன் தம்பி, பூட்ட ஆட்டாதீங்க, வரேன். செல்வி, அந்தக் காகிதத்தை அப்படியே மாடிக் கதவுக்கு அடியில் தள்ளிவிடு. நான் கதவைத் திறக்கிற நேரத்துக்கு நீயும் கீழே இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்.